தொழிலாளர்களிடையே ஈய நச்சுப் பாதிப்பு: கண்டறிதலும் சிகிச்சையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈயத்தைக் கையாளும் தொழிலாளர்களும், அவர்களுடைய குடும்பத்தினரும், ஆலைகளின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களும் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. ஈயம் என்று இதில் வருவதெல்லாம் காரீயத்தையே குறிக்கும். இரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கூறப்படுகிறது. கீழே அலகு இல்லாமல் எண் மட்டும் வரும் இடங்களில் இந்த அலகையே கொள்ள வேண்டும். சில ஆய்வகங்கள் ஒரு லிட்டருக்கு மைக்ரோமோல் என்ற அலகில் அறிக்கை தருகின்றன. அந்தக் கணக்கில் 10 என்பது ஏறத்தாழ 0.48 ஆகும்.

எந்தெந்த வேலைகளில் இந்த ஆபத்து இருக்கிறது?

ஈய-அமில பேட்டரிகளைச் செய்வதும், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுப்பதும்தான் இன்று உலகில் மிகுதியான தொழிலாளர்களை ஈயத்திற்கு ஆளாக்கும் வேலைகள். உலோக உருக்காலைகள், ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறைகள், ஈயம் கலந்த நிறமிகளும் மெருகுப் பூச்சுகளும் தயாரிக்கும் ஆலைகள், பிவிசி பிளாஸ்டிக்கில் ஈய உப்புகளைக் கலக்கும் பிரிவுகள், படிகக் கண்ணாடி, தோட்டா, கேபிள் உறை தயாரிப்பு ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு வகை உண்டு. பழைய பாலங்களையும் கப்பல்களையும் எண்ணெய்த் தொட்டிகளையும் கேஸ் கட்டிங் செய்து பிரிப்பவர்கள் தங்களை ஈயத் தொழிலாளர்களாகக் கருதுவதில்லை; அவர்களை வேலைக்கு வைப்பவர்களும் அப்படிக் கருதுவதில்லை. ஆனால் அந்த இரும்பின் மேல் பல அடுக்காகப் பூசப்பட்ட பழைய சிவப்பு ஈயப் பெயிண்ட், வெட்டும் சுடர் பட்டவுடன் புகையாகி, குனிந்து வேலை செய்பவரின் மூக்கிற்கு நேராக எழுகிறது. ஈயத் தொழில் என்ற பெயரே இல்லாத இத்தகைய இடங்களில்தான் பரிசோதனையும் நடக்காமல் போகிறது என்பதால், வேலையின் பெயரைக் கேட்பதைவிட எந்தப் பொருளை வெட்டுகிறார், உருக்குகிறார், தேய்க்கிறார் என்று கேட்பதே மருத்துவருக்குப் பயன்படும்.

ஈயம் உடலுக்குள் எப்படிச் செல்கிறது?

முதன்மையான வழி மூச்சு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டும்போது அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிய புகை குறிப்பிடத்தக்க அளவில் எழத் தொடங்கும். உருக்கும் கொப்பரையின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாக ஆவது இதனால்தான். மூச்சோடு உள்ளே போகும் ஈயத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது வழி வாய். கையில் ஒட்டிய தூசி, உணவோடும் சிகரெட்டோடும் வாய்க்குச் செல்கிறது. வளர்ந்தவர்களின் குடல் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் உறிஞ்சும். ஆனால் வெறும் வயிற்றில் அது பன்மடங்காகும். உடலில் இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தாலும் உறிஞ்சுதல் கூடும். உலோக ஈயமும் அதன் உப்புகளும் தோல் வழியாக மிகச் சொற்பமாகவே நுழையும். பெட்ரோலில் முன்பு கலக்கப்பட்ட டெட்ராஎத்தில் ஈயம் போன்ற கரிமச் சேர்மங்கள் மட்டும் தோலைக் கடந்து நேராக உள்ளே சென்றுவிடும்.

உள்ளே போன ஈயம் எங்கே தங்குகிறது?

இரத்தத்தில் உள்ள ஈயத்தில் ஏறக்குறைய 99 விழுக்காடு சிவப்பணுக்களில் இருக்கிறது. அங்கே அதன் அரை ஆயுள் ஒரு மாதத்தை ஒட்டியது. ஆனால் வளர்ந்தவர்களின் உடலில் சேர்ந்திருக்கும் மொத்த ஈயத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது எலும்பில்தான் படிந்திருக்கும். அதன் அரை ஆயுள் பத்தாண்டுகளில் கணக்கிடப்படுவது. கால்சியம் போகும் பாதையிலேயே ஈயமும் போய் எலும்பில் அமர்வதால், பிற்காலத்தில் எலும்பு கரையும்போதெல்லாம் ஈயமும் வெளியேறி மீண்டும் இரத்தத்தில் கலக்கும். கர்ப்பம், பாலூட்டும் காலம், மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்வு, தைராய்டு மிகைச் சுரப்பு, எலும்பு முறிந்து நீண்ட நாள் படுக்கையில் இருத்தல் ஆகியவை அத்தகைய தருணங்கள். சிகிச்சை பற்றிய பல கேள்விகளுக்கு விடை இந்த எலும்புச் சேமிப்பில்தான் இருக்கிறது.

அறிகுறிகள் என்னென்ன?

தொடக்கத்தில் வருபவை எல்லாம் எவருக்கும் வரக்கூடியவை: களைப்பு, தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு, மூட்டு வலி, பசியின்மை, மலச்சிக்கல். இவற்றில் எதுவும் ஈயத்தைத் தனித்துக் காட்டாது. அளவு கூடும்போது வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் கடும் வலி வரும். குடல்வால் அழற்சி என்றோ குடலடைப்பு என்றோ கருதி அறுவை சிகிச்சை வரை போன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இலக்கியம் நிறையவே பேசுகிறது. வயிற்று வலியும் மலச்சிக்கலும் இரத்தசோகையும் ஒருசேர வந்த ஒருவரிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கப்பட்டிருக்கும்.

நரம்புப் பாதிப்பு, பெரும்பாலும் அதிகம் உழைக்கும் கையில் தொடங்கும். மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் வலுவிழந்து கை தொங்கிவிடும். தொடு உணர்வு பெரும்பாலும் கெடாமல் இருக்கும். ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் நீலங்கலந்த கருங்கோடு தோன்றக்கூடும் என்றாலும், பலருக்கு அது வருவதே இல்லை என்பதால், கோடு இல்லை என்று சொல்லி எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அளவு 100-ஐத் தாண்டும் நிலையில் குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று மூளை வீக்கத்தின் அறிகுறிகள் வரலாம். அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலை.

இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, எந்த அறிகுறியும் தராமல் நடக்கும் சேதம். இரத்த அழுத்தம் உயர்வது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெல்லக் குறைவது, நினைவாற்றலும் கவனமும் மங்குவது, விந்தணுக்களின் எண்ணிக்கையும் தரமும் சரிவது ஆகியவை ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி நடக்கும்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நான் ஏன் பரிசோதிக்க வேண்டும்?

30 அல்லது 40 என்ற அளவில் உள்ள பலர் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றே சொல்வார்கள், அதை உண்மையாகவே நம்பியும் சொல்வார்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது, சிறுநீரகத்திலும் நரம்பிலும் திரும்பப் பெற முடியாத சேதம் நேரும்வரை காத்திருப்பதாகவே முடியும்.

எந்தப் பரிசோதனையை நம்பலாம்?

நாளத்திலிருந்து எடுக்கும் முழு இரத்தத்தில் ஈயத்தின் அளவைக் கணக்கிடும் பரிசோதனையே அடிப்படை. பெரும்பாலான ஈயம் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், அணுக்களை நீக்கிப் பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிநீரில் பார்ப்பதில் பயனில்லை. ஐசிபி-எம்எஸ் கருவியிலோ, கிராஃபைட் உலை அணு உறிஞ்சு நிறமாலைமானியிலோ அளவிடும் ஆய்வகங்களையும், அவற்றிலும் வெளித் தரக்கட்டுப்பாட்டுத் திட்டங்களில் பங்கேற்பவற்றையும் தேர்வதே நல்லது.

இரத்தம் எடுக்கும் விதத்தில்தான் பல தவறுகள் நேர்கின்றன. வேலை முடிந்து அதே உடுப்போடு வந்து நிற்பவரின் முன்கையில் படிந்துள்ள தூசி, ஊசியோடு சேர்ந்து குழாய்க்குள் போனால் 12 ஆக இருக்க வேண்டிய எண் 40 ஆகவும் வரும். ஆகவே, தூசி படிந்த கூடத்திலிருந்து விலகிய ஓர் அறையில், தொழிலாளி குளித்து அல்லது முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மாற்று உடை அணிந்த பிறகு, நுண்தனிமங்கள் கலவாதது என்று சான்றளிக்கப்பட்ட குழாயில் இரத்தத்தைச் சேகரிக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் முறை விரைவான முதற்கட்டச் சோதனைக்கு மட்டுமே. அதில் அளவு உயர்ந்து வந்தால் நாள இரத்தத்தில் உறுதிசெய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

வேறு சோதனைகள் தேவைப்படுமா?

ஈயம், ஹீமோகுளோபின் உருவாகும் தொடர்வினையில் இரண்டு நொதிகளை முடக்குகிறது. அதன் விளைவாகச் சிவப்பணுக்களில் துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் தேங்கும். இரத்த ஈய அளவு ஏறத்தாழ 25 முதல் 30-ஐத் தாண்டிய பிறகே இது உயரத் தொடங்கும் என்பதால் குறைந்த அளவிலான பாதிப்பைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆனால் சிவப்பணுவின் ஆயுள் 120 நாட்கள் என்பதால், இந்த எண் கடந்த மூன்று, நான்கு மாதங்களின் நிலவரத்தைக் காட்டும். இரத்தத்தில் ஈயம் கூடியும் இது இயல்பாக இருந்தால் பாதிப்பு அண்மையில் தொடங்கியது என்று ஊகிக்கலாம். இரும்புச்சத்துக் குறைவிலும் இது உயரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றோடு முழு இரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்ச் சோதனை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தென்பட்டால் அது ஒரு துப்பு. தென்படாததால் ஈயம் இல்லை என்றாகிவிடாது. தலைமுடிச் சோதனையை வைத்து எந்தச் சிகிச்சை முடிவையும் எடுக்கக் கூடாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, உடனே சேகரித்த சிறுநீரை அளந்து, நச்சு இருக்கிறது என்று அச்சுறுத்தும் வழக்கம் சில தனியார் நிலையங்களில் உண்டு. அந்த மருந்து எவர் உடலிலிருந்தும் சிறிது உலோகத்தை வெளியே தள்ளும். மருந்து கொடாமல் எடுத்த சிறுநீருக்கான இயல்பு அளவோடு அதை ஒப்பிடுவது தவறு. மருத்துவ நச்சியல் வல்லுநர்கள் இதை ஏற்பதில்லை.

அறிக்கையில் உள்ள எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

ஈயத்திற்கு உடலில் ஒரு வேலையும் இல்லை. ஆகவே இயல்பான அளவு என்று ஒன்று கிடையாது. வளர்ந்தவர்களுக்கான ஒப்பீட்டு அளவாக அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பு 3.5 என்பதைக் கொள்கிறது; அதற்கு மேல் இருந்தால் வெளியிலிருந்து கூடுதலாக ஈயம் வருகிறது என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், 5 அல்லது அதற்கு மேல் இருந்தாலே மூலத்தைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கிறது.

ஆனால் சட்ட வரம்புகள் வேறு கதையைச் சொல்கின்றன. அமெரிக்காவில் 1978-இல் இயற்றப்பட்ட ஈய விதிமுறை, பொதுத் தொழிற்சாலைகளில் 60 வந்தால்தான், அல்லது அண்மைச் சராசரி 50-ஐ எட்டினால்தான், தொழிலாளியை ஈய வேலையிலிருந்து விலக்கச் சொல்கிறது. அந்த எண்கள் அந்தக் காலத்து அறிவின்படி அமைந்தவை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 முதல் 30 என்ற அளவிலேயே விலக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்ற உத்தரவு, 2028 இறுதிவரை 30 என்றும் அதன் பிறகு 15 என்றும் வரம்பை இறக்குகிறது. எனவே, ஓர் ஆலையின் அறிக்கையில் 'வரம்புக்குள்' என்று முத்திரை விழுந்திருந்தால், எந்த ஆண்டின் வரம்பு, எவருடைய வரம்பு என்று கேட்பது தொழிலாளியின் நியாயமான உரிமை.

தனி எண்ணைவிட எண்களின் போக்கு முக்கியம். பேட்டரித் தகடுகளை அடுக்கும் பிரிவில் உள்ள ஒருவருக்கு ஜனவரியில் 14, ஏப்ரலில் 21, ஜூலையில் 32 என்று அறிக்கைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பழைய வரம்புகளின்படி மூன்றுமே ஏற்கத்தக்கவை. மூன்று தாள்களும் தனித்தனியே கோப்புக்குள் போய்விட்டால் எவரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆறே மாதத்தில் அளவு இரு மடங்குக்கு மேல் ஏறியிருப்பது தெரியும். புகை உறிஞ்சும் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கலாம். வடிகட்டி மாற்றப்படாமல் இருக்கலாம். அவர் கூடுதல் நேரம் வேலை செய்திருக்கலாம். காய்ந்த தகடுகளைத் தட்டிச் சீராக்கும் வேலை புதிதாக அவரிடம் வந்திருக்கலாம். அவரோடு வேலை செய்பவர்களின் எண்களும் ஏறியிருந்தால் கோளாறு இயந்திரத்தில். அவருடையது மட்டும் ஏறியிருந்தால் அவர் செய்யும் பணியிலோ, ஆலைக்கு வெளியே உள்ள வேறு மூலத்திலோ காரணத்தைத் தேட வேண்டும். ஆய்வகத்திற்கு ஆய்வகம் ஓரிரு மைக்ரோகிராம் வேறுபடுவது இயல்பு என்பதால் எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது.

எத்தனை மாதத்திற்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்?

வேலையில் சேரும் முன் ஒருமுறை கட்டாயம். பின்னால் வரும் எல்லா எண்களையும் ஒப்பிட அதுவே அடித்தளம். 2007-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று தந்த பரிந்துரை, முதல் மூன்று மாதங்கள் மாதம் ஒருமுறையும், அளவு 10-க்குக் கீழ் நிலையாக இருந்தால் பிறகு ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், 10-ஐத் தாண்டினால் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. பணிமுறை மாறினாலோ இயந்திரம் மாறினாலோ மீண்டும் மாதச் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஈயம் வருவதை நிறுத்துவது. அதுவே முதல் சிகிச்சை, பெரும்பாலானவர்களுக்கு அதுவே முழுச் சிகிச்சையும் ஆகும். மேற்சொன்ன வல்லுநர் குழு, ஒரே சோதனையில் 30-ஐத் தாண்டினாலோ, நான்கு வார இடைவெளியில் இருமுறை 20 அல்லது அதற்கு மேல் வந்தாலோ தொழிலாளியை ஈயம் இல்லாத பணிக்கு மாற்றச் சொல்கிறது.

இதில் ஊதியக் கேள்வி அடங்கியிருக்கிறது. வேலையிலிருந்து விலக்கினால் கூலி போய்விடும் என்ற நிலையில் எந்தத் தொழிலாளியும் பரிசோதனைக்கு மனமுவந்து கையை நீட்ட மாட்டார். அமெரிக்க விதிமுறை, இப்படி விலக்கப்பட்டவருக்கு 18 மாதங்கள்வரை ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் காக்கப்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்தச் சட்டத்தின் எண்கள் பழையனவாகிவிட்டாலும் இந்தப் பகுதி இன்றும் பின்பற்றத்தக்கது. ஊதியப் பாதுகாப்பு இல்லாத கண்காணிப்புத் திட்டம், தாள்களை மட்டுமே நிரப்பும்.

விலகிய பிறகு அளவு எவ்வளவு வேகமாகக் குறையும்?

முதல் சில வாரங்களில் விரைவாக இறங்கும். அதன் பிறகு தேங்கி நிற்கும். சில மாதங்கள் மட்டுமே ஈயத்தோடு பழகியவருக்கு இரண்டு, மூன்று மாதங்களில் பெருமளவு குறைந்துவிடலாம். இருபது ஆண்டு உருக்காலையில் நின்றவருக்கோ, எலும்பிலிருந்து ஈயம் இரத்தத்திற்கு ஊறிக்கொண்டே இருப்பதால், ஓராண்டு விலகியிருந்தும் 20-க்குக் கீழ் வராமல் இருக்கலாம். அப்போது அவர் இரகசியமாக வேறெங்கோ ஈய வேலைக்குப் போகிறார் என்று ஐயுறுவது அநீதி.

கீலேஷன் சிகிச்சை யாருக்குத் தேவை?

கீலேஷன் என்பது ஈய அணுவைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகளைக் கொடுப்பது. வளர்ந்தவர்களில் 100 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படும். 80 முதல் 99 வரை உள்ளவர்களுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் இதை ஆலோசிக்கலாம். 50 முதல் 79 வரை உள்ளவர்களில் தெளிவான அறிகுறிகள் இருப்பவர்களுக்கு மட்டும் எண்ணிப் பார்க்கலாம். நச்சியலில் பயிற்சி பெற்ற மருத்துவரின் ஆலோசனையோடுதான் இதைத் தொடங்க வேண்டும்.

வாய்வழி மருந்தாகப் பயன்படுவது டி.எம்.எஸ்.ஏ. எனப்படும் சக்ஸிமர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் வீதம் எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஐந்து நாட்களும், பிறகு பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பதினான்கு நாட்களும் கொடுப்பது வழக்கமான முறை. குமட்டல், தோல் தடிப்பு, கல்லீரல் நொதிகள் உயர்தல், வெள்ளணுக்கள் குறைதல் ஆகியவை வரக்கூடும் என்பதால் இடையிடையே இரத்தம் பார்க்க வேண்டும். கடுமையான நிலையில் கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. நாளத்தின் வழியாகச் செலுத்தப்படும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது என்பதால் போதிய சிறுநீர்ப்போக்கு இருப்பதை உறுதிசெய்துகொண்டே தர வேண்டும். மூளை பாதிக்கப்பட்டவருக்கு முதலில் டைமெர்காப்ரால் ஊசியைத் தசையில் போட்டு, நான்கு மணி நேரம் கழித்தே இ.டி.டி.ஏ. தொடங்கப்படுகிறது, இ.டி.டி.ஏ.-வை மட்டும் கொடுத்தால் மூளையில் ஈயம் கூடி நிலைமை மோசமாகலாம் என்பது காரணம். டைமெர்காப்ரால் நிலக்கடலை எண்ணெயில் கரைக்கப்படுவதால் நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்தகப் பொறுப்பாளர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகிறேன்: பெயரில் 'கால்சியம்' இல்லாத டைசோடியம் இ.டி.டி.ஏ. முற்றிலும் வேறான மருந்து. அது இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு இதயத்தை நிறுத்திவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை கீலேஷனின்போது கால்சியம் சரிந்து மூவர் உயிரிழந்ததாகப் பதிவாகியுள்ளது. அவர்களுள் இருவர் குழந்தைகள்.

ஒரு சுற்று முடிந்த ஓரிரு வாரங்களில் எலும்பு ஈயம் மீண்டும் இரத்தத்திற்கு வருவதால் எண் திரும்ப ஏறும். இதை எதிர்பார்த்தே மறு பரிசோதனை நாளைக் குறிக்க வேண்டும். சில வேளை இரண்டாம் சுற்று தேவைப்படும். இந்த மருந்துகள் இரத்தத்தில் உள்ள அளவைக் குறைக்கும், கடுமையான அறிகுறிகளைத் தணிக்கும். நெடுநாள் பாதிப்பால் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை அவை மீட்டுத் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அளவு ஏறாமல் இருக்க முன்கூட்டியே இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு வேலை செய்யலாமா?

கூடவே கூடாது. ஈயத் தூசிக்கு நடுவே வேலை செய்துகொண்டே கீலேஷன் மருந்து எடுத்தால் உடல் மேலும் ஈயத்தை உறிஞ்சக்கூடும்; மருந்தின் பக்கவிளைவுகளும் சேரும். காகிதத்தில் எண்ணை மட்டும் இறக்கிக் காட்டிவிட்டு, காற்றில் உள்ள ஈயத்தை அப்படியே விட்டுவைக்கும் இந்த வழக்கத்தை அமெரிக்க விதிமுறை வெளிப்படையாகவே தடைசெய்துள்ளது. ஒரு தொழிலாளியிடம் இப்படி மாத்திரை கொடுக்கப்பட்டால் அவர் மறுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் மருத்துவர் தம் கடமையிலிருந்து தவறுகிறார்.

பால் குடித்தால் ஈயம் முறிந்துவிடுமா?

முறியாது. கால்சியமும் இரும்பும் போதிய அளவு உள்ள உணவும், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாமல் இருப்பதும், குடல் உறிஞ்சும் பங்கைக் குறைக்கும். நுரையீரல் வழியாகச் செல்லும் ஈயத்தை எந்த உணவும் தடுக்காது.

முகக்கவசம் அணிந்தால் போதுமா?

துணி முகக்கவசமும் அறுவை முகக்கவசமும் ஈயப் புகைக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. முகத்தோடு இறுகப் பொருந்தும், உரிய வடிகட்டி கொண்ட சுவாசக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதன் விளிம்பில் காற்று கசியும். ஆனாலும் கவசம் கடைசித் தடுப்பு மட்டுமே. புகை எழும் இடத்திலேயே அதை இழுத்துவிடும் உறிஞ்சு அமைப்பு, பேட்டரி உடைக்கும் இயந்திரத்தைச் சுற்றி அடைப்பு, தரையை ஈரமாக வைத்திருத்தல், துடைப்பத்திற்கும் காற்றழுத்தக் குழாய்க்கும் பதிலாக மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய தூசி உறிஞ்சி ஆகியவைதான் எண்களைக் கீழே கொண்டுவரும். வேலை முடிந்ததும் உடுப்பின் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிக்கொள்வதைப் பல பட்டறைகளில் காணலாம். அந்த ஒரு நிமிடத்தில் நாள் முழுதும் துணியில் ஒட்டிய தூசி ஊதுபவரின் முகத்தைச் சுற்றியே எழுகிறது.

பிரிட்டனில் 1898-இல் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராகப் பொறுப்பேற்ற தாமஸ் லெக், ஈய நச்சுப் பாதிப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். முதலாளி செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடிக்காத வரையில் தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ள ஏறக்குறைய எதுவும் செய்ய இயலாது என்று அவர் வலியுறுத்தினார். வெள்ளை ஈயப் பெயிண்டைக் கட்டுப்படுத்தும் 1921-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்கத் தம் அரசு மறுத்ததை எதிர்த்து 1926-இல் பதவியையே துறந்தார். அளவு கூடிய ஒவ்வொரு தொழிலாளியிடமும், கை கழுவவில்லையா என்று முதலில் கேட்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. காற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் அந்தக் கேள்விக்கு வர வேண்டும்.

என் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. உடுப்பு, செருப்பு, தலைமுடி, வாகன இருக்கை ஆகியவற்றின் வழியாக ஈயத் தூசி வீட்டிற்கு வந்து, தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் அங்கிருந்து வாய்க்கும் போகிறது. குழந்தையின் குடல் பாதி ஈயத்தை உறிஞ்சிவிடக்கூடியது. வளரும் மூளைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. செனகல் நாட்டின் தக்கார் நகரை ஒட்டிய தியாரோயே-சுர்-மேர் பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர்.

எனவே, வேலை உடுப்பு ஆலையிலேயே துவைக்கப்பட வேண்டும். குளித்து, வேறு உடையும் வேறு செருப்பும் அணிந்தே வீடு திரும்ப வேண்டும். அதற்கான அறைகளை ஆலை அமைத்துத் தர வேண்டும். சோப்பு மட்டும் ஈயத்தை முழுமையாக நீக்குவதில்லை என்பதால், ஈயத்தை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்ட துடைப்புத் தாள்கள் கிடைத்தால் பயன்படுத்தலாம். தொழிலாளியின் அளவு உயர்ந்திருந்தால் வீட்டில் உள்ள சிறு குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் தாமதமின்றிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கருவுற்றிருப்பவர்களும் குழந்தை பெற விரும்புபவர்களும் என்ன செய்ய வேண்டும்?

ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தடையின்றி அடைகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், குறைந்த பிறப்பு எடை ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. கருவுற்றவர் 5-க்கு மேல் அளவு உயரக்கூடிய எந்தப் பணியிலும் இருக்கக் கூடாது. எலும்பில் ஏற்கெனவே சேர்ந்தது கர்ப்பக் காலத்தில் வெளிவருவதால், கருத்தரித்தபின் வேலையை மாற்றுவது மட்டும் போதாது. திட்டமிடும்போதே விலகுவது நல்லது. இது பெண்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஆணின் விந்தணுவும் பாதிக்கப்படுவதால், இயலுமானால் அவரும் சில மாதங்களுக்கு முன்பே விலகி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது மீண்டும் பழைய வேலைக்குத் திரும்பலாம்?

இரு தொடர் சோதனைகளில் 15-க்குக் கீழ் வந்த பிறகு என்பது மேற்சொன்ன 2007 பரிந்துரை. பழைய அமெரிக்க விதிமுறையின்படி 40-க்குக் கீழ் வந்தாலே திருப்பி அனுப்பலாம். இன்றைய அறிவின்படி அது மிக உயர்ந்த அளவு. எண் இறங்கியதோடு, அது ஏறக் காரணமாக இருந்த கோளாறு சரிசெய்யப்பட்டதா என்பதையும் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டே மருத்துவர் கையெழுத்திட வேண்டும்.

ஈய வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் கவனிக்க வேண்டுமா?

ஆம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கால் மூட்டில் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் ஈயத்தால் தூண்டப்பட்ட கௌட் நோயாகவும் இருக்கலாம் என்று மருத்துவருக்கு நினைவூட்ட வேண்டும். எலும்பு முறிவு, தைராய்டு நோய், மாதவிடாய் நிற்றல் ஆகிய தருணங்களில் இரத்த ஈய அளவை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இதற்கெல்லாம் பழைய அறிக்கைகள் கையில் இருக்க வேண்டும் என்பதால், வேலையை விட்டுப் போகும் நாளில், சேர்ந்த நாள் முதல் எடுத்த எல்லா இரத்த அறிக்கைகளின் நகலையும் ஆலையிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.